வீதியும் மாலைத்தாளும்: ‘அஸ் எஷ்ற்’ இதழின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ஹங்கேரியின் பத்திரிகை வரலாற்றை நோக்குவோர் ‘அஸ் எஷ்ற்’ என்னும் நாளிதழைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. ‘மாலை’ எனப் பொருள்படும் இவ்விதழை அந்தோர் மிக்லோஷ் 1910 ஏப்ரலில் புடாபெஸ்ற் நகரில் தொடங்கினார். அது 1939 இல் மறைந்தது. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களும் முதலாளித்துவப் பத்திரிகைச் சுதந்திரத்தின் இயல்பினைத் தெளிவுபடுத்துவன.

புடாபெஸ்ற்றின் சனத்தொகை 1910 இல் ஏறத்தாழ 8 லட்சத்து 80 ஆயிரம். ஆனால், நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஆறு பேர் அளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். அரசியலில் இடமற்ற இந்நகர மாந்தர் செய்திச் சந்தையில் இடம்பெற்றனர். பழைய அரசியல் நாளிதழ்கள் பெரிதும் கட்சிச் சார்பினையும் சந்தாதாரரையும் நம்பியிருந்தன. ‘அஸ் எஷ்ற்’ வீதியிற் கூவி விற்கப்பட்டது. சில்லறை கொடுத்து வாங்குவோனை நம்பியமையால் அது கட்சிகளின் பிடியினின்றும் விடுபட்டது. ஆயின், அவ்வாசகனை அன்றாடம் புதிதாக வென்றெடுக்க வேண்டியிருந்தது. பெருந்தலைப்பும் பரபரப்பும் இத்தேவையின் விளைவுகளே.

முதலாம் உலகப் போர் இத்தேவையை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. களத்திலே மகனை நிறுத்தியிருந்த குடும்பம் எதுவும் செய்தித்தாளின்றி மாலையைக் கழித்தல் அரிதாயிற்று. நாடகாசிரியர் பெரென்ஸ் மோல்நார் இவ்விதழின் போர்ச் செய்தியாளராகப் பணியாற்றினார். தணிக்கைக்கு உட்பட்ட செய்திகளேயாயினும் விற்பனை சில லட்சங்களை எட்டியது. மக்களின் துயரே மூலதனப் பெருக்கத்துக்கு வழிகோலியது எனலாம். போரின் பின்னர் ‘பெஷ்ரி நப்லோ’, ‘மஜரோர்சாக்’ ஆகிய நாளிதழ்களும் மிக்லோஷின் குழுமத்துள் அடங்கின. பல எழுத்தாளர் இக்குழுமத்தின் ஊதியத்தாலேயே வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

ஹோர்ட்டி ஆட்சியிலே வீதி விற்பனை உரிமையைப் பறித்தல் அரசு கையாண்ட தண்டனைகளுள் ஒன்றாயிருந்தது. சந்தாவால் வாழும் இதழுக்கு அது இடர். வீதியால் வாழும் இதழுக்கோ உயிராபத்து. கட்சியினின்றும் விடுதலை தந்த வீதியே அரசுக்குக் கட்டுப்படவும் வைத்தது. 1933 இல் மிக்லோஷ் காலமானார். 1938 ஆம் ஆண்டின் யூத எதிர்ப்புச் சட்டம் பத்திரிகைத் தொழிலில் யூதரின் பங்கினை நூற்றுக்கு இருபதாக வரையறுத்தது. 1939 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. யூதர் பலரின் உழைப்பில் வளர்ந்த ‘அஸ் எஷ்ற்’ அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. அதனைக் கொன்றது சந்தையன்று, இனவாத அரசே.

சமூக ஜனநாயகக் கட்சியின் ‘நேப்சவா’ இதன் அளவுக்கு விற்பனையாகவில்லை. அதன் ஆசிரியர் பேலா ஷொமோஜி 1920 இல் கொல்லப்பட்டார். எனினும், தொழிற்சங்கங்களின் பின்பலத்தோடு 1944 மார்ச்சில் ஜெர்மானியப் படை புகும்வரை அது வெளிவந்தது. இவ்வேறுபாட்டுக்கு அமைப்பு மட்டுமே காரணம் என்பது மிகையாகும். இரண்டின் சட்டநிலையும் ஒன்றல்ல. ஆயினும், லட்சக்கணக்கில் வாங்குவோர் இருந்தும் ‘அஸ் எஷ்ற்’ இதழைக் காத்துநிற்க வல்ல அமைப்பு எதுவும் இருக்கவில்லை. வாங்குவோர் தொகை வேறு, திரண்ட மக்கள் சக்தி வேறு. விற்பனை எண்ணிக்கையையே வெகுசனச் செல்வாக்கின் அளவுகோலாகக் கொள்ளும் பத்திரிகை ஆய்வு இவ்வேறுபாட்டினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.