மிம்பரின் அளவுகோல்

அரபு மொழியில் சொற்பொழிவுக் கலையைப் பற்றி எழுந்த நூல்களுள் பஸராவின் பேரறிஞர் ஜாஹிளின் 'அல்பயான் வத்தப்யீன்' தலையாயது. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த அவர், தமக்கு முந்திய பேச்சாளர்களின் உரைகளையும் உத்திகளையும் குறைகளையும் அதில் திரட்டி வைத்தார். அந்நூல் நமக்குக் காத்துத் தந்த செல்வங்களுள் ஒன்று, முஃதஸிலா அறிஞர் பிஷ்ர் இப்னுல் முஃதமிர் எழுதிய ஒரு சிறு ஏடு.

இப்ராஹீம் இப்னு ஜபலா என்பவர் இளைஞர் சிலருக்குச் சொற்பொழிவு கற்பித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற பிஷ்ர் நின்று செவிமடுத்தார். பயன்பெறவே நிற்கிறார் என இப்ராஹீம் எண்ணியிருக்க, பிஷ்ரோ அப்பாடத்தை ஒதுக்கிவிடுமாறு இளைஞர்களிடம் கூறித் தம் ஏட்டை அவர்களிடம் அளித்தார். அது படிக்கப்பட்டபோது, இவ்விளைஞர்களைவிடத் தமக்கே இது தேவை என்று இப்ராஹீம் ஒப்புக்கொண்டாராம்.

ஏட்டின் அறிவுரைகள் எளியவை. மனம் தெளிந்து ஊக்கத்துடன் இருக்கும் வேளையில் உரையை ஆயத்தம் செய்ய வேண்டும். வலிந்து முயலும் நெடும்பகலைவிட அச்சிறு வேளை மிகுதியாகத் தரும் என்கிறார் பிஷ்ர். கரடுமுரடான சொற்கள் பொருளையே விழுங்கிவிடும் என எச்சரிக்கிறார். மேன்மக்களுக்குரியது என்பதால் ஒரு கருத்து உயர்ந்துவிடாது. பாமரருக்குரியது என்பதால் தாழ்ந்துவிடவும் செய்யாது. சரியாக இருப்பதும், பயன் தருவதும், இடத்திற்குப் பொருந்துவதுமே அதற்குச் சிறப்பு. எனவே, பேச்சாளர் தம் கருத்துகளின் அளவையும் கேட்போரின் அளவையும் அறிந்து, ஒன்றை மற்றொன்றோடு பொருத்திப் பேச வேண்டும். ஏட்டின் உயிர்நாடி இதுவே எனலாம்.

பிஷ்ர் சொன்ன இவ்வளவுகோல் புதியதன்று. நபிவழியில் அதற்கு வேர் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேசும்போது, எண்ண விரும்புபவர் அவர்களின் சொற்களை எண்ணிவிடலாம் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். விளங்க வேண்டியதை மும்முறை கூறுவார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. குத்பாவைச் சுருக்குவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என நபியவர்கள் கூறியதை அம்மார் (ரலி) அறிவிக்கிறார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) வியாழக்கிழமைதோறும் உபதேசம் செய்வார்கள். நாள்தோறும் செய்யலாகாதா என ஒருவர் வேண்டியபோது, மக்கள் சலிப்படைவார்களே என்று மறுத்துவிட்டார்கள்.

ஆயினும், உத்தி அறிந்தவர் அனைவரும் கேட்போரை மதித்தவர் அல்லர். ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) மினாவில் நபியவர்கள், இது எந்த நாள் என்று வினவி மௌனமானார்கள். வேறு பெயர் சூட்டப் போகிறார்களோ எனத் தோழர்கள் எண்ணும் அளவுக்கு அம்மௌனம் நீண்டது. மாதத்தையும் ஊரையும் பற்றியும் அவ்வாறே வினவினார்கள். அதன்பின் வந்த செய்தி, உயிரும் உடைமையும் மானமும் அந்நாளைப் போலவே புனிதமானவை என்பதாகும். ஹிஜ்ரி 75இல் (கி.பி. 694) கூஃபாவின் மிம்பரில் ஏறிய ஹஜ்ஜாஜும் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. தலைப்பாகையால் முகத்தை மறைத்திருந்தார். அவர்மீது வீசுவதற்குக் கூழாங்கற்களை எடுத்த ஒருவரின் கையிலிருந்து, ஹஜ்ஜாஜ் பேசத் தொடங்கியதும், அவரறியாமலே அவை உதிர்ந்தன என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கொய்வதற்குப் பழுத்தவையாக மக்களின் தலைகளைக் காண்பதாக அவர் முழங்கினார். மௌனம் என்னும் உத்தி இரண்டு இடத்திலும் ஒன்றே. அங்கே அது கேட்போரின் உயிருக்குக் காவலாயிற்று, இங்கே அச்சுறுத்தலாயிற்று.

உருக்கத்திற்கும் இது பொருந்தும். கி.பி. 1184இல் பக்தாதுக்கு வந்த அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைர், இமாம் இப்னுல் ஜவ்ஸியின் சபையில் மக்கள் கதறி அழுததையும், சீட்டுகளில் வந்த வினாக்களுக்கு அவர் உடனுக்குடன் விடையளித்ததையும் வியந்து எழுதியுள்ளார். அத்தகைய ஆற்றல் படைத்த அதே இமாம், மக்களை அழவைப்பதற்காக ஹதீஸ்களைப் புனைந்து கூறும் கதைசொல்லிகளைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார். கண்ணீர் பெருகுவது மட்டும் உரையின் வெற்றியாகாது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

தமிழகத்தின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் குத்பா அரபியில் நிகழ்வதால், பொதுமக்களுக்கு விளங்கும் உபதேசம் அதற்கு முந்திய தமிழ் பயானில்தான் கிடைக்கிறது. வாரத்தில் அவர்கள் மார்க்கம் கேட்கும் வேளை பலருக்கு அது ஒன்றே. நம் மாணவர்களோ புகழ்பெற்ற ஒருவரின் குரலையும் ஏற்ற இறக்கத்தையும் மனனம் செய்வதையே பயிற்சி எனக் கொள்கின்றனர். பயான் முடியும் தறுவாயில் பள்ளிக்குள் நுழைவோரைக் குறைகூறுவதற்கு முன், நாம் தேர்ந்த பொருள் அவர்களின் கடைக்கும் வீட்டிற்கும் பயன்பட்டதா, நம் சொல் அவர்களுக்கு விளங்கியதா என்று கேட்டுக்கொள்வது நம் கடமை. மிம்பரில் ஏறும் முன் ஒவ்வோர் ஆலிமும் பிஷ்ரின் ஏட்டை ஒருமுறை படித்துவிட்டு ஏறட்டும்.