கட்டமும் கோடும், நம்ம கணக்கும்

தேயிலை ஃபெக்டரிக்குள்ள போய்ப் பார்த்தவங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கொழுந்து மாடியில் வாடும், ரோலருக்கு இறங்கும், நொதிக்கும், டிரையரில் காயும், கடைசியில் சலித்துத் தரம் பிரியும். ஒரு இடத்தில் வெளியே வருவது அடுத்த இடத்துக்குத் தீனி. தரவை ஆராயும் சில மென்பொருள்களும் இப்படித்தான். ஒரு கட்டம் கோப்பைத் திறக்கும், அடுத்தது வடிகட்டும், இன்னொன்று வரைபடம் போடும். நாம கட்டங்களுக்கிடையே கோடு இழுக்கணும், அவ்வளவுதான்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1966இல் எம்.ஐ.டி. ஆய்வேட்டுக்காக பேர்ட் சதர்லண்ட், திரையில் படம் வரைந்தே கணினிக்கு வேலை சொல்லும் முறையை உருவாக்கினார். (தம்பி ஐவன் 1963இலேயே ஸ்கெட்ச்பேடை முடித்துவிட்டார். நல்ல குடும்பம்!) 1994இல் இங்கிலாந்தில் வந்த கிளமென்டைன் இதைத் தரவு ஆய்வுக்குக் கொண்டுவந்தது, அது காசுள்ள கம்பெனிகளுக்கு. நமக்கு எட்டியவை பிறகு வந்தவை: ஸ்லோவேனியாவின் லியூப்லியானா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆரஞ்ச், ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸில் 2004இல் தொடங்கி 2006இல் வெளியான நைம். இரண்டையும் இலவசமா இறக்கிக்கொள்ளலாம்.

சரி, பதுளைத் தோட்டத்துக்கு இதனால என்ன? நம்ம சனங்களோட வரலாறு முழுக்க யாரோ எண்ணின கணக்கு. 1911 கணக்கெடுப்புத்தான் "இந்தியத் தமிழர்" என்று முதலில் தனியாகப் பிரித்தது. 1964 ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டுட்டாங்க.

அந்தக் கணக்கெடுப்பு அட்டவணைகளை ஆரஞ்சில் போட்டுப் பாருங்க. 1971இல் சுமார் 11 லட்சத்து 75 ஆயிரம். 1981இல் 8 லட்சத்து 19 ஆயிரம். கோடு மண்சரிவு மாதிரி இறங்கும். தலைமன்னாரில் கப்பலேறினவங்க ஒரு பக்கம், "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டவங்க இன்னொரு பக்கம். படத்தில் ரெண்டும் ஒரே சரிவுதான். பிரிக்க வழி இருக்கு: கப்பலேறினவங்களின் ஆண்டுவாரிக் கணக்கை இன்னொரு கட்டமா இணைச்சு, பிறப்பு இறப்பையும் சேர்த்தா, விளக்கம் இல்லாம மிஞ்சுற தொகைதான் பெயர் மாறினவங்களின் பருமட்டான எண்ணிக்கை.

2012க்கும் இதே கேள்வி உண்டு. பட்டியல் 8 லட்சத்து 39 ஆயிரம் என்கிறது. ஆனா இந்த முறை கழித்துப் பார்க்கக் கப்பல் கணக்கு இல்லை. லயத்துக்கு வந்து படிவம் நிரப்பினவர் என்ன கேட்டார், வீட்டில் யார் பதில் சொன்னாங்க என்று நாமளே விசாரிச்சு எழுதினால்தான் அந்தக் கட்டத்துக்குள்ள போட ஏதாவது கிடைக்கும்.