பெயரும் தடமும்: சிங்கப்பூர் அப்பர் தாம்சன் சாலைப் பந்தயம் (1961–1973)

அப்பர் தாம்சன் சாலை மோட்டார் பந்தயத்தின் பெயர்மாற்றங்கள் சிங்கப்பூரின் அரசியல் வரலாற்றைப் புலப்படுத்துகின்றன. சுற்றுலாவை வளர்க்கும் நோக்கில் 1961இல் ‘ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரீ’ எனத் தொடங்கிய இப்பந்தயம், 1962இல் ‘மலேசிய கிராண்ட் பிரீ’ ஆயிற்று. மலேசியக் கூட்டமைப்போ 1963இல்தான் உருவானது. அதாவது, 1961இல் துங்கு அப்துல் ரகுமான் முன்மொழிந்த இணைப்பு நிறைவேறும் முன்னரே பந்தயம் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின், 1966 முதல் அது ‘சிங்கப்பூர் கிராண்ட் பிரீ’ என வழங்கப்பட்டது.

பெயர்கள் மாறியபோதும், ஏறத்தாழ 4.8 கி.மீ. நீளமுள்ள அப்பொதுச்சாலையின் ஆபத்தான வளைவுகள் மாறவில்லை. 1972, 1973 ஆகிய ஈராண்டுகளிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. 1973க்குப் பின் பந்தயம் கைவிடப்பட்டது. 2008இல் மரினா பே சாலைகளில் ஃபார்முலா 1 இரவுப் பந்தயமாக மீண்டபோது நாட்டின் பெயர் நிலைத்தது, தடமே மாறியது.