ஒன்றையும் எழுதினார்கள், சைபரையும் எழுதினார்கள்

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். போன வாரம் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 8, இதில் எக்ஸின் கெழு என்ன என்று கேள்வி. 0 என்று எழுதியிருக்கிறாள். ஒரு மார்க் போச்சு.

"முன்னாடி நம்பரே இல்லையே மாமா, அப்ப சைபர்தானே?"

1 என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதாமல் விட்டதை இருப்பதாக எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்ததா?

தேடப்போய் மாட்டியவர் பிருதூதகசுவாமி. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்துக்கு 9-ஆம் நூற்றாண்டில் உரை எழுதியவர். அதில் ஒரு சமன்பாடு இப்படி வருகிறது. தமிழ் எழுத்தில் போடுகிறேன்:

யாவ 0 யா 10 ரூ 8 (8-இன் தலையில் ஒரு புள்ளி)
யாவ 1 யா 0 ரூ 1

'யா' என்றால் யாவத்தாவத், எவ்வளவோ அவ்வளவு. நம்ம எக்ஸ்தான். 'வ' வர்க்கம். 'ரூ' ரூபம், அதாவது வெறும் எண். தலையில் புள்ளி இருந்தால் கழித்தல். (நமக்குப் புள்ளி மெய்யெழுத்துக்கு, அவர்களுக்குக் கடனுக்கு.) சமக்குறி கிடையாது. மேல் வரியும் கீழ் வரியும் சமம், அவ்வளவுதான். 10 எக்ஸில் 8 போனால் எக்ஸ் வர்க்கத்தோடு 1 சேர்ந்ததற்குச் சமம். எக்ஸ் 1 என்றாலும் 9 என்றாலும் சரியாக வரும், போட்டுப் பாருங்கள்.

மேல் வரியில் வர்க்க உறுப்பே இல்லை. ஆனாலும் இடத்தை விடாமல் 0 என்று எழுதியிருக்கிறார். கீழே வர்க்கம் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் 1. ஒரே வகை உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, கழிக்க வேண்டியதுதான் பாக்கி. கழித்தல் குறிகூட எண்ணோடு ஒட்டியே இருக்கிறது. நாம் எழுதும் முறையில் கெழு 1 என்றால் எண் காணாமல் போகிறது, கெழு 0 என்றால் உறுப்பே காணாமல் போகிறது. இரண்டுமே காகிதத்தில் வெற்றிடம். பிள்ளை குழம்பியதில் என்ன ஆச்சரியம்?

பெருக்கும் எண்ணுக்கு வடமொழியில் குணகம் என்று பெயர். இலங்கைப் பாடப்புத்தகங்களில் இன்றும் அதே சொல்தான். நாம் கெழு என்கிறோம்.

பழைய முறையை ரொம்பவும் தூக்கிவைக்கவும் முடியாது. அதில் கெழு எப்போதும் 10, 8 மாதிரி குறிப்பிட்ட எண்தான். தெரிந்த எண்ணுக்கும் எழுத்து வைக்கலாம் என்று 1591-இல் காட்டியவர் பிரான்ஸின் வியெட், தொழிலால் வக்கீல். தெரியாததற்கு உயிரெழுத்து, தெரிந்ததற்கு மெய்யெழுத்து. அப்புறம்தான் எல்லா இருபடிச் சமன்பாடுகளையும் ஒரே மூச்சில் பேச முடிந்தது. கோஎஃபிஷியன்ட் என்ற சொல்லும் அவருடையது என்பார்கள். 1637-இல் தெகார்த் அதை மாற்றி, தெரிந்தவற்றுக்கு ஏ, பி, சி என்றும் தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்றும் வைத்தார்.

மறுநாள் அந்த இரண்டு வரியையும் அவளுக்கு எழுதிக் காட்டினேன். தன்னுடைய கணக்கைக் கீழே தானே எழுதினாள்: யாவ 1 யா 1 ரூ 8, தலையில் புள்ளி.

"இப்படியே எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?"

போட மாட்டாங்க என்றேன்.