நாடு திரும்பும் தொழிலாளரும் மலேரியாவும்

மலேரியா ஒழிந்துபோன ஒரு நாட்டிலிருந்து, அது இன்னும் பரவிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு வேலைக்குப் போனவர், ஒட்டுண்ணியை உடலில் சுமந்தபடி ஊர் திரும்பி நோயுறுவதை 'இறக்குமதி மலேரியா' என்கிறார்கள். அவரைக் கடித்த உள்ளூர்க் கொசு, நாட்டை விட்டு நகரவே இல்லாத இன்னொருவருக்கு நோயைக் கொடுத்தால் அது அடுத்த படி. அந்தச் சங்கிலி உள்ளூரிலேயே தொடர்ந்து நீண்டால் நோய் மறுபடி குடியேறிவிட்டது என்று பொருள். தொடர்ந்து 3 ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லை என்று காட்டிய நாட்டுக்கே உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிப்புச் சான்று தருகிறது. வெளியிலிருந்து வந்த நோயாளிகள் எத்தனை பேர் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. சான்று பெற்ற பின் நாட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த இறக்குமதி நோயாளிகளே. அவர்களை எங்கே, யார் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விமான நிலையத்தையே பலரும் விடையாகச் சொல்கிறார்கள். ஒட்டுண்ணியின் வாழ்க்கை முறையையும் சில நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விடை நிற்பதில்லை. காய்ச்சலோடு வருபவரை முதலில் பார்க்கும் ஊர் மருத்துவரின் மேசைதான் உண்மையான சோதனைச் சாவடி.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு; பேச்சில் அவை பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒன்று, திரும்பி வந்தவரின் உயிருக்கு வரும் ஆபத்து. மற்றது, அவர் வாழும் ஊருக்கு வருவது. முதலாவதற்குப் பெரும் காரணம் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, சிகிச்சை சில நாட்கள் தாமதமானாலே கொல்லக்கூடியது. ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் மலேரியா என்றால் பெரும்பாலும் இதுதான். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குப் பலமுறை தொற்றியதால் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆசியாவிலிருந்து சாலை போடவும் தங்கம் தோண்டவும் போனவருக்கு அது சிறிதும் இல்லை. ஆனால் ஃபால்சிபாரத்தில் கொசுவுக்குத் தொற்றக்கூடிய பாலணு வடிவம் முதிர்ந்து இரத்தத்தில் தோன்ற, மற்ற வடிவங்கள் பெருகத் தொடங்கிய பிறகும் 10 நாட்கள் வரை பிடிக்கிறது. அதற்குள் நோயைக் கண்டு மருந்து கொடுத்தால் ஊருக்குப் பரவ வாய்ப்புக் குறைவு. இரண்டாவது ஆபத்தில் முன்னிற்பது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். இது கொல்வது குறைவு. ஆனால் இதன் பாலணுக்கள் காய்ச்சலோடு காய்ச்சலாக, சில வேளை அதற்கு முன்பே இரத்தத்தில் வந்துவிடுகின்றன. நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதற்குள் கொசு தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, ஈரலில் உறங்கும் வடிவம் ஒன்று இதற்கு உண்டு. மாதங்கள் கழித்து, சில வேளை அடுத்த ஆண்டில், எழுந்து வரும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் வைவாக்ஸ் நுழையப் பயன்படுத்தும் புரதம் இல்லாததால் அங்கு இது அரிது, தெற்காசியாவில் மிகுதி. ஆகவே கானாவிலிருந்து திரும்பியவரைப் பற்றி முதலில் அவருக்காகக் கவலைப்பட வேண்டும். இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்தவர் என்றால் அவரோடு சேர்த்து அவர் தங்கும் ஊருக்காகவும்.

'வெளிநாடு' என்ற ஒரே சொல் இங்கே உதவாது. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வேலைக்குப் போவோரில் மிகப் பலர் செல்லும் வளைகுடா நாடுகளில் பெரும்பகுதி மலேரியா இல்லாத நிலம். ஐக்கிய அரபு அமீரகம் 2007இலேயே ஒழிப்புச் சான்று பெற்றுவிட்டது. துபாயிலிருந்து வந்தவரை நிறுத்தி விரலில் குத்துவது வீண். உண்மையில் அங்கே கணக்குத் தலைகீழ்: மலேரியா இன்னும் உள்ள இந்தியாவிலிருந்து போகிறவர்தான் அந்த நாட்டுக்கு இறக்குமதி ஆபத்து.

ஆப்பிரிக்கா சென்று திரும்பும் தொழிலாளரின் சிக்கலைப் பேரளவில் சந்தித்த நாடு சீனா. 1940களில் ஆண்டுக்கு 3 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்ற நாடு அது. 2017இல் உள்ளூர்த் தொற்று முதன்முறையாகச் சுழியைத் தொட்டது. 2021 ஜூன் 30இல் ஒழிப்புச் சான்று கிடைத்தது. உள்ளூர் நோய் வற்றிவந்த அதே ஆண்டுகளில்தான் சீன நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் அணையும் துறைமுகமும் இருப்புப்பாதையும் கட்ட ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. ஜியாங்சு போன்ற கடலோர மாகாணங்களின் நோயாளர் பட்டியலில் உள்ளூர் வைவாக்ஸ் மறைந்து, அதன் இடத்தில் ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் வந்து உட்கார்ந்தது; பட்டியலில் ஏறக்குறைய எல்லோரும் உழைக்கும் வயது ஆண்கள். குவாங்ஷி பகுதியின் ஷாங்லின் மாவட்டம் இன்னும் கூர்மையான சான்று. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் கானாவுக்குத் தங்கம் தோண்டப் போயிருந்தார்கள். 2013இல் கானா அரசு சட்டவிரோதச் சுரங்கங்கள்மீது பாய்ந்தபோது சில வாரங்களில் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். அந்த ஆண்டு குவாங்ஷியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளிகள் பதிவானார்கள். இருந்தும் அங்கே நோய் மறுபடி வேர்பிடிக்கவில்லை. எத்தனை பேர் நோயோடு வருகிறார்கள் என்பது மட்டும் ஊரின் தலைவிதியை முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

சீனாவைக் காப்பாற்றியவற்றுள் ஒன்று '1-3-7' என்ற நடைமுறை: நோயாளி கண்டறியப்பட்ட 1 நாளுக்குள் அறிவிப்பு, 3 நாட்களுக்குள் எங்கே தொற்றியது என்ற விசாரணை, 7 நாட்களுக்குள் அந்த இடத்தில் பரவல் தடுப்பு. இந்த எண்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் ஒட்டுண்ணி வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வெப்பநிலைக்கேற்ப 10 நாட்களோ அதற்கு மேலோ ஆகும். கொசு அடுத்தவரைக் கடித்து நோய் கொடுக்கும் முன் மனிதர் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடிகாரம் ஓடத் தொடங்குவது நோயாளி விமானத்தை விட்டு இறங்கும்போது அல்ல, நோய் கண்டறியப்படும்போது. அந்த முதல் கண்டறிதல் தவறினால் மற்ற எண்களுக்கு வேலையே இல்லை.

இலங்கையில் கடைசி உள்ளூர் நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் சான்று கிடைத்தது. சரியாக அந்த 2012இலேயே ஒரு சோதனை வந்தது. ஆட்கடத்தல்காரர்களை நம்பி மேற்கு ஆப்பிரிக்கா வழியாக வேறு நாடுகளுக்குப் போக முயன்று தோற்றுத் திரும்பியவர்கள் 534 பேரில் 32 பேருக்கு ஃபால்சிபாரம் இருந்தது. அந்த ஆண்டின் இறக்குமதி நோயாளிகளில் மிகப் பெரிய பங்கு இவர்களுடையது. அதன் பிறகும் மாணிக்கக்கல் வணிகத்துக்கு ஆப்பிரிக்கா போய்வருவோர், ஐ.நா. அமைதிப்படையில் பணிபுரிந்தோர், இந்தியாவுக்கு யாத்திரை சென்றோர் என்று ஆண்டுதோறும் சில பத்து நோயாளிகள் வந்தபடியே இருக்கிறார்கள். 2018 இறுதியில்தான் முதல்முறையாக, வெளிநாடு போகாத இலங்கையர் ஒருவருக்கு, வேலைக்காக வந்திருந்த வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து நோய் தொற்றியது. அது வைவாக்ஸ். 1974இல் மலேரியாவை ஒழித்த கிரீஸ் நாட்டில் 2011இல் எவ்ரோடாஸ் ஆற்றுப் பகுதியின் பண்ணைகளைச் சுற்றிப் பரவியதும் வைவாக்ஸ். அங்கே தெற்காசியாவிலிருந்து வந்த விவசாயக் கூலிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இதை விதியாக்கிவிட முடியாது. இலங்கையில் நோயைப் பரப்பும் முதன்மைக் கடத்தியான அனோஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு முன்பு ஃபால்சிபாரத்தையும் தாராளமாகப் பரப்பியதுதான். ஆனால் கண்காணிப்பு விழித்திருக்கும் நாட்டில் முதலில் நழுவுவது வைவாக்ஸ்தான் என்று சொல்லலாம்.

இனி விமான நிலையம். இறங்கும் எல்லோருக்கும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன? ஒட்டுண்ணியின் காலக்கணக்கு இதற்கு இடம் கொடுப்பதில்லை. கொசு கடித்த பின் ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குப் போகிறது. ஃபால்சிபாரம் இரத்தத்துக்கு வந்து காய்ச்சலாக வெளிப்பட ஏறக்குறைய 7 முதல் 14 நாட்கள், சிலருக்கு ஒரு மாதமும் ஆகும். புறப்படும் முந்தைய இரவு கடி வாங்கியவரின் இரத்தம் விமான நிலையத்தில் சுத்தமாகத்தான் இருக்கும். ஈரலில் உறங்கும் வைவாக்ஸைக் காட்டும் இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் எதுவும் இல்லை. விரைவுப் பரிசோதனை அட்டைகள் பலவும் ஃபால்சிபாரத்தின் ஒரு புரதத்தைத் தேடுகின்றன. எரித்திரியா, எத்தியோப்பியா பக்கம் அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. 'எனக்குச் சோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை' என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகிறவர், 10 நாள் கழித்து வரும் காய்ச்சலை மலேரியா என்று நினைக்கவே மாட்டார். அவரது மருத்துவரும் நினைக்கமாட்டார். தவறான நிம்மதி பரிசோதனை இல்லாமையைவிடக் கேடு. ஆனாலும் இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. மேலே சொன்ன 534 பேரும் ஷாங்லின் சுரங்கத் தொழிலாளரும் காட்டுவது போல, கடும் ஆபத்துள்ள இடத்திலிருந்து ஒரு குழு மொத்தமாகத் திரும்பும்போது தேடிப்போய்ச் சோதிப்பது பலன் தரும். நூற்றுக்கு 6 பேர் என்பது எந்தச் சோதனைக்கும் நல்ல அறுவடை. ஒருமுறையோடு விடாமல் சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால்தான் அதுவும் முழுமை பெறும்.

போகும்போதே தடுப்பு மாத்திரை கொடுத்து அனுப்பலாமே என்பது அடுத்த கேள்வி. கொடுக்க வேண்டும்தான், இலங்கையில் மலேரியா எதிர்ப்பு இயக்கம் பயணிகளுக்கு இதை இலவசமாகவே தருகிறது. படைவீரர்களிடம் இது நன்றாக நடக்கிறது, ஏனென்றால் அங்கே மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒரு மேலதிகாரி இருக்கிறார். 2 ஆண்டு ஒப்பந்தத்தில் காட்டுக்குள் குழாய் பதிக்கும் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை. டாக்சிசைக்ளினை நாள்தோறும் விழுங்க வேண்டும். மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை போதும், ஆனால் சிலருக்குக் கெட்ட கனவும் மனக்கலக்கமும் தரும். இவ்விரண்டையும் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரங்கள் தொடர வேண்டும். வீட்டுச் சோறு சாப்பிடத் தொடங்கியவர் எத்தனை பேர் அதைத் தொடர்வார்கள்? தொடர்ந்தாலும் உறங்கும் வைவாக்ஸை இவை தொடுவதில்லை. அதற்கு பிரைமாகுவின் வேண்டும். வழக்கமான முறையில் 14 நாட்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் முன்சோதனை இல்லாமல் வாரி வழங்க முடியாது. கொசுவலையும் மாத்திரையும் ஆபத்தைக் குறைக்கும், கதவை அடைத்துவிடா.

ஆக எல்லாம் வந்து நிற்பது மருத்துவரிடம். அங்கேதான் ஒழிப்பின் வெற்றியே ஒரு தடையாகிறது. முன்பு குளிர்காய்ச்சல் என்றால் கிராமத்துக் கிழவிக்கே தெரியும். இன்று இலங்கையில் படித்து வெளிவரும் இளம் மருத்துவர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்க்காமல் பட்டம் பெறலாம். காய்ச்சல் என்றதும் நினைவுக்கு வருவது டெங்கு. இரண்டிலும் தலைவலி, உடல்வலி. இரண்டிலும் தட்டணுக்கள் குறையும். இரத்த அறிக்கையில் அந்த எண் சரிந்திருப்பதைப் பார்த்ததும் தேடல் நின்றுவிடுகிறது. 2023இல் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் இறந்தபோது, இலங்கையில் பல ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த முதல் மலேரியா மரணம் என்று அது பதிவாயிற்று. மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது. ஆர்டிமிசினின் வகை மருந்துகளுக்காகத் தூ யூயூ 2015இல் நோபல் பரிசே பெற்றார். மருந்தை எழுத வேண்டுமென்றால் 'கடந்த ஓராண்டில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்?' என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்டாலும் பதில் வருமா என்பது வேறு. கள்ளத்தனமாக எல்லை கடந்தவர், அனுமதியின்றிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், முகவரிடம் ஏமாந்து அவமானத்தோடு திரும்பியவர் ஆகியோர் பயண விவரத்தை மறைப்பதில் வியப்பில்லை. திரும்பி வருபவரை நோய் சுமப்பவர் என்று முத்திரை குத்தும் பேச்சு இந்த மறைப்பை வளர்க்கிறது. ஒழுக்கக்கேடு என்பது ஒருபுறம் இருக்க, நடைமுறையிலும் அது முட்டாள்தனம். மருத்துவர் கேட்கும் கேள்வி குடிவரவுத் துறையின் காதுக்குப் போகாது என்ற உறுதி இருந்தால்தான் உண்மை வரும்.

ஆண்டுக்குச் சில பத்து நோயாளிகளுக்காக இவ்வளவு ஆளும் பணமும் வேண்டுமா? டெங்குவுக்கு ஆயிரக்கணக்கானோர் படுக்கையில் கிடக்கும் நாட்டில் இது நியாயமான கேள்வி. இலங்கையிடம் இதற்கு ஒரு கசப்பான பதில் உண்டு. 1934-35 கொள்ளை நோயில் ஏறக்குறைய 80,000 உயிர்களை இழந்த நாடு, 1963இல் மொத்த நோயாளிகளை 17ஆகக் குறைத்தது. அதில் 11 பேர் வெளியிலிருந்து நோயோடு வந்தவர்கள். கொசு மருந்துத் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தப் பெருவெடிப்பை வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் தலையில் கட்டுவது தவறு; எலஹெர மாணிக்கச் சுரங்கங்களுக்கும் காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலங்களுக்கும் உள்நாட்டிலேயே மக்கள் இடம்பெயர்ந்ததும் மழை பொய்த்ததும் அதில் பங்கு வகித்தன. என்றாலும் 17 என்ற எண்ணைப் பார்த்து ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பியதன் விலை என்ன என்பது அந்த 6 ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

கொசுவும் மாறிக்கொண்டிருக்கிறது. இலங்கையின் வழக்கமான கடத்தி ஊர்ப்புற ஓடைகளிலும் ஆற்றுப் பள்ளங்களிலும் பெருகுவது. ஆகவே நகரத்துக்குத் திரும்பியவரால் பரவும் என்ற அச்சம் குறைவாக இருந்தது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி, மன்னாரில் கண்டறியப்பட்ட பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. அது கிணற்றிலும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். விழிப்பாக இருப்பதன் செலவில், கடுமையான மலேரியாவுக்குப் போடும் ஆர்டிசுனேட் ஊசியை எந்தெந்த மருத்துவமனையில் இருப்பு வைப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்குச் சில பேருக்கே தேவைப்படும் மருந்து. வாங்கிய குப்பிகளில் பெரும்பகுதி காலாவதியாகிக் குப்பைக்குத்தான் போகும். தணிக்கை அதிகாரிகள் இதை விரயம் என்று குறித்து வைப்பார்கள். அதற்காக வாங்குவதை நிறுத்திவிட முடியாது.