மீயொலி உணரிகளுக்கேற்ப மின்சுற்றைச் சரிசெய்தல்

ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்யப்பட்ட மீயொலி உணரிகளும் ஒரே அளவு உணர்திறன் கொண்டிருப்பதில்லை. அந்த வேறுபாடு அளவீட்டைக் கெடுக்காதபடி பெருக்கியையும் ஓட்டுச் சுற்றையும் உணரிக்கு ஏற்ப அமைப்பதே இங்கே பேசப்படும் வேலை.

தூரம் அளக்கவும் கார் நிறுத்தவும் பயன்படும் பீசோ உணரிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. உணர்திறனில் 3 டெசிபல் கூடுதலோ குறைவோ இருப்பது சாதாரணம். ஒரே உணரி ஒலியை அனுப்பி, எதிரொலியையும் வாங்கும்போது இந்த வேறுபாடு இரண்டு முறை சேரும். மிகக் கூரிய உணரிக்கும் மிக மந்தமான உணரிக்கும் இடையே 12 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு, இடைவெளி வரலாம்.

இதனால் தொலைவிலுள்ள பொருள் தெரியாமல் போவது மட்டுமல்ல, தெரிந்த பொருளின் தூரமும் பிசகும். எதிரொலி சில அலைகளில்தான் முழு உயரத்துக்கு வளர்கிறது. மந்தமான உணரியில் அது, எதிரொலி வந்ததாகச் சுற்று எடுத்துக்கொள்ளும் வரம்பு மட்டத்தை ஓர் அலை தாமதமாகத் தாண்டினால் 25 மைக்ரோவினாடி கழியும். தூரம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடிக் காட்டும். மறுபுறம், கூரிய உணரியில் அனுப்பிய துடிப்பின் மிச்ச அதிர்வு வரம்புக்கு மேலேயே நீடிப்பதால், அருகிலுள்ள குருட்டுப் பகுதி அகன்றுவிடும்.

பெருக்கத்தைக் கூட்டிக் குறைப்பதே பலருக்கு முதலில் தோன்றும் தீர்வு. அது அவசரப்பட்ட முடிவு. பெருக்கம் கூடினால் இரைச்சலும் கூடவே ஏறும். மந்தம் என்று ஒதுக்கப்படும் உணரி பல நேரம் மந்தமானதே அல்ல; அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் சற்று விலகியிருக்கும். இவ்வகை உணரிகளின் அலைப்பட்டை குறுகியது. ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் அதிர்வெண்ணில் ஓட்டுவதும், அதன் மின்தேக்கத்துக்கு ஏற்ற தூண்டுசுருளைச் சேர்ப்பதும் முதலில் நடக்க வேண்டும். எஞ்சும் வேறுபாட்டுக்கே பெருக்கத் திருத்தம். அதைத் தொழிற்சாலையிலேயே, தெரிந்த தூரத்தில் ஒரு தகட்டை வைத்து அளந்து, நினைவகச் சில்லில் பதிந்துவிடலாம்.

துடிப்பை அனுப்பியபின் நேரம் செல்லச் செல்லப் பெருக்கத்தை உயர்த்துவது வேறு விஷயம்; அது தூரத்தால் வரும் தேய்வை ஈடுகட்டுவது. 1978இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 சோனார் கேமராவிலேயே அது இருந்தது.

வெப்பநிலை ஏறினால் ஒத்ததிர்வு அதிர்வெண் பொதுவாக இறங்கும். பம்பரில் உள்ள உணரிமீது தடிமனாக மறுபெயின்ட் அடித்தாலும் அது மாறும். பதிந்து வைத்த மதிப்பு அப்போது பொருந்தாது. அதனால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஜிஏ460 போன்ற சில்லுகள், துடிப்பை அனுப்பியபின் எஞ்சும் அதிர்வின் அதிர்வெண்ணையும் அது அடங்கும் நேரத்தையும் அளந்து உணரியின் நிலையைத் தெரிவிக்கின்றன.