ரேகைச் சட்டம் ஒழிந்த வரலாறு

புகைவண்டிச் சீட்டு விற்பது எம் தொழில். பணம் செலுத்தியவர் எவராயினும் விரும்பிய ஊர் செல்லலாம். ஆயினும், இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவதற்கே சர்க்கார் சீட்டுக் கேட்டு நின்ற மக்களும் நம் நாட்டில் இருந்தனர்.

1871-இல் ஆங்கில ஆட்சியார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911-இல் அது சென்னை மாகாணத்திலும் புகுந்தது. கைரேகை பதியச் செய்ததால் நம் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரைச் சீமையைச் சார்ந்த பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த கள்ளர் பெருமக்கள் மீது துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். இம்மராட்டிய மண்ணிலும், தமிழுக்கு உறவான மொழி பேசும் கைக்காடியர் அச்சட்டத்தால் முள்வேலிக்குள் அடைபட்டனர்.

நம் சமய நூல்கள் பாவத்திற்கும் கழுவாய் கூறின. இச்சட்டமோ பிறப்பையே குற்றமாக்கிற்று. பிறப்பிற்குக் கழுவாய் ஏது? அதனை அறவே நீக்குவதொன்றே வழி.

சென்னை 1947-இலும், பம்பாய் 1949-இலும் அதனை நீக்கின. 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு முழுவதும் அது ஒழிந்தது. விடுபட்டோர் 'விமுக்தர்' எனப் பெயர் பெற்றனர்.

எனினும், ஊரில் களவு நிகழ்ந்தால் முதற்கண் அவர்தம் குடிசையை நோக்கும் பழக்கம் ஒழிந்ததா? ஏட்டிலுள்ள சட்டத்தை மன்றம் நீக்கும். நெஞ்சிலுள்ளதை நாமே நீக்குதல் வேண்டும். புனேயில் அயலாராய் வந்து, நல்லோர் நம்பிக்கையால் வேரூன்றிய நமக்கு இக்கடமை மிகுதியன்றோ?